கடல் கேட்கும் கணக்கு

(தாம்பரத்தில் நடைபெற்ற சிறு வணிகத் தோழர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே! கடையை அடைத்துவிட்டு, கல்லாப்பெட்டியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்த இரவு வேளையிலும் இங்கே வந்து கூடியிருக்கும் வணிகத் தோழர்களே! தாய்மார்களே! 

இன்று நான் பேசவிருப்பது ஆட்சியைப் பற்றியன்று, தேர்தலைப் பற்றியன்று, மீனைப் பற்றி. சிரிக்கிறீர்கள்! மேடையேறி முழங்க வந்தவன் மீன் விற்க வந்துவிட்டானே என்று எண்ணுகிறீர்கள். எண்ணுங்கள், தவறில்லை. ஆனால், ஒரு தட்டில் விழும் ஒரு துண்டு மீனுக்குப் பின்னால் எத்தனை பேருடைய வியர்வை, எத்தனை பேருடைய கடன், எத்தனை சட்டங்களின் மீறல் மறைந்திருக்கிறது என்பதைக் கேட்டு முடித்த பிறகும் உங்களுக்குச் சிரிப்பு வருமானால், நானும் உங்களோடு சேர்ந்து சிரிக்கத் தயார்.

சில நாட்களுக்கு முன்பு, சேலையூர்ப் பக்கம் மளிகைக்கடை நடத்தும் நம் தோழர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முகத்திலே கவலை. "அண்ணே, கைப்பேசியைத் தட்டினால் பருப்பு வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. பருப்போடு நின்றதா? செதில் நீக்கி, துண்டு போட்டு, மீனும் வருகிறது. நான் எப்படிப் பிழைப்பது? நானும் ஒரு குளிர்ப்பெட்டி வாங்கிப் போட்டு மீன் விற்கலாம் என்றிருக்கிறேன். நீங்கள் ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர். எந்த மீனை, எங்கே, யாரிடம் வாங்கினால் நல்லது?" என்று கேட்டார்.

"மலிவாகக் கிடைக்கும் இடத்தைக் கேட்கிறீரா?" என்றேன்.

"மலிவு என்று நான் கேட்கவில்லை அண்ணே, நல்லது என்றுதான் கேட்டேன்" என்றார்.

தோழர்களே, கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு வந்தவன் நான். பேராசிரியர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து ஓடி வந்தவன், ஒரு மளிகைக்கடைக்காரர் கேட்ட கேள்வியிலே மாட்டிக்கொண்டேன். மலிவு எது என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். நல்லது எது என்று கேட்டாரே! அந்த ஒரு சொல் என்னைக் காசிமேட்டுக்கு இழுத்துப் போயிற்று, கோவளத்துக்கு இழுத்துப் போயிற்று, புத்தகங்களைப் புரட்டவைத்தது. அங்கே நான் கண்டதையும் கற்றதையும்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் என் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மே மாதத்தில் எங்கள் நாடகக் குழுவினருக்கு ஒரு விருந்து. "வஞ்சிரம் இல்லாத விருந்து ஒரு விருந்தா?" என்று முழங்கியவன் நான். வஞ்சிரம் வந்தது, தடித்தடித் துண்டுகளாக. வயிறார உண்டோம், வாயாரப் புகழ்ந்தோம். அந்த மாதத்திலே நம் கரையின் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன என்பதை நான் எண்ணிப் பார்த்தேனா? இல்லை! ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. மீன் முட்டையிடும் காலம் என்பதால் விதிக்கப்பட்ட தடை அது. தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டு 45 நாட்களாகத் தொடங்கி, 2017ஆம் ஆண்டு முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மேடையிலே மீனவர் துயர் பற்றி முழங்குகிற நான், அவர்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்கு ஓய்வு கொடுத்த நாட்களிலே, "எங்கிருந்து வந்தது இந்த மீன்?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனவே, இங்கே நான் நீதிபதியாக நிற்கவில்லை. உங்களோடு குற்றவாளிக் கூண்டிலே நிற்கிறேன்.

தாம்பரத்திலே கடல் இல்லை. முடிச்சூர்ச் சாலையில் நின்று பார்த்தால் அலை தெரியாது. குரோம்பேட்டைப் பாலத்தில் ஏறிப் பார்த்தாலும் தெரியாது. கடல் தெரியாத ஊரிலே மீன் விற்பதில் ஒரு வசதி உண்டு: கேள்வி கேட்பார் யாருமில்லை. அரிசி வாங்கும்போது கேட்கிறோம், எந்த ஊர் நெல், எத்தனை மாதப் பழசு என்று. புளி வாங்கும்போது கொட்டை இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கிறோம். மீனுக்கு மட்டும் ஒரே கேள்வி: "கிலோ என்ன விலை?" எந்தக் கரையில் இறங்கியது, எந்தப் படகு பிடித்தது, எந்த வலையில் விழுந்தது, பிடித்தவன் கைக்கு என்ன போயிற்று என்று கேட்பதில்லை. பாண்மகள் மீனைக் கொடுத்து நெல்லை மாற்றிச் சென்ற காட்சியைச் சங்கப் புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். அன்று மீன் கொடுத்த கையும் நெல் கொடுத்த கையும் நேருக்கு நேர் நின்றன. இன்று இடையிலே எத்தனை கைகள்! அத்தனை கைகளும் எடுத்தது போக, பிடித்த கையிலே எஞ்சுவது என்ன?

நான் நாடகக்காரன். எண்களால் சொல்வதைவிட ஒரு காட்சியாகச் சொல்கிறேன். இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நம் கடற்கரையின் எந்த ஊருக்குப் போனாலும் இதன் சாயலைக் காணலாம்.

அதிகாலை. படகு கரை சேர்கிறது. முதலாளி நிற்கிறார், வெள்ளை வேட்டியோடு. மீனவன் இறங்குகிறான், நனைந்த உடம்போடு.

முதலாளி: என்ன கிடைத்தது?

மீனவன்: கூடை நிறையக் கானாங்கெளுத்தி ஐயா. இன்று ஏலத்திலே நல்ல விலை போகும் என்கிறார்கள்.

முதலாளி: ஏலமா? உனக்கு ஏது ஏலம்? எஞ்சின் வாங்கப் பணம் கொடுத்தது யார்?

மீனவன்: தாங்கள்தான்.

முதலாளி: கடன் தீரும்வரை மீன் யாருக்கு?

மீனவன்: தங்களுக்குத்தான்.

முதலாளி: விலை சொல்ல வேண்டியது யார்?

(மீனவன் பேசவில்லை. அலை மட்டும் பேசுகிறது.)

திரை விழுகிறது, தோழர்களே. ஆனால் அவன் வாழ்க்கையிலே திரை விழுவதில்லை. முன்பணம் என்ற பெயரால் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் ஒரு முனை அவன் கழுத்திலே. மறு முனை நாம் "மலிவு, மலிவு" என்று மகிழ்கிறோமே, அந்தத் தராசிலே! மலிவு வானத்திலிருந்து விழுவதில்லை. நாம் கொடுக்காத பணத்தை வேறொருவர் கொடுத்திருக்கிறார் என்பதுதான் பல வேளைகளில் அதன் பொருள்.

இதை மாற்ற முடியாதா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாடு என்னும் கடலோரச் சிற்றூரில் முளைத்த முயற்சி, ஊர் ஊராய்ப் பரவி, 1980ஆம் ஆண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக உருவெடுத்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கரையோர ஊர்களிலும் அதன் சங்கங்கள் உண்டு. அவர்கள் செய்தது என்ன? புரட்சி வெடிகுண்டா வீசினார்கள்? இல்லை. மீனைத் தங்கள் சங்கமே ஏலம் விட்டது, அவ்வளவுதான்! கடனைச் சங்கம் கொடுத்தது. பிடிபட்ட மீனின் விலையிலே ஒரு பங்கு கடனுக்கு, ஒரு பங்கு சேமிப்புக்கு, மிச்சம் அவன் கைக்கு. விலை சொல்லும் உரிமை முதலாளியின் நாவிலிருந்து மீனவனின் சங்கத்துக்கு மாறிற்று. சேலையூர்த் தோழர் கேட்டாரே, யாரிடம் வாங்குவது என்று, அதற்கு முதல் விடை இது: விலை சொல்லும் உரிமை உள்ளவனிடம் வாங்குங்கள்.

அடுத்து, எந்த வலையில் விழுந்த மீன்?

நார்வே நாட்டின் உதவியோடு 1953ஆம் ஆண்டு கேரளத்து நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கிற்று. மீன்பிடித் தொழிலை வளர்க்கும் நல்ல நோக்கம்தான். விசைப்படகு வந்தது, கடலின் அடித்தரையைத் துடைத்து இழுக்கும் இழுவை மடி வந்தது, இறால் டாலராக மாறிற்று. ஆனால் இழுவை மடி கண்ணில்லாத வலை, தோழர்களே! கண்ணிகள் உண்டு, கண் இல்லை. இறாலைத் தேடிப் போய், இறாலோடு குஞ்சையும் குருமானையும் நண்டையும் சங்கையும் வாரிக்கொண்டு வரும். உண்ண உதவாத குஞ்சுகள் "கழிவு மீன்" என்ற பெயரோடு கரையிலே குவியும். காய்ந்து, அரைபட்டு, கோழிக்கும் பண்ணை இறாலுக்கும் தீவனமாகப் போகும். வளர்ந்தால் விலைபெறும் மீன், வளருமுன்னே மாவாகிறது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் வேளாளனை நாம் என்னவென்று சொல்வோம்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983ஆம் ஆண்டிலேயே வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகு வரக்கூடாது, அது கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் உரிய பரப்பு என்று வரம்பு கட்டியது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்குத் தடை. சுருக்குமடி வலைக்கு 2000ஆம் ஆண்டு தடை வந்தது. 2023ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்கள் மட்டும் என்று நிபந்தனையோடு இடம் கொடுத்தது. சட்டப் புத்தகம் நிறைந்திருக்கிறது. ஆனால் நடுக்கடலிலே காவலுக்கு நிற்பது யார்? சட்டம் கரையிலே நிற்கிறது. வலை கடலிலே நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது உங்கள் கொள்முதல் நோட்டு!

அந்த வலை செய்வதைச் சென்னைக் கடற்கரையே கண்டது. 2025ஆம் ஆண்டு சனவரி. நீலாங்கரை, பெசன்ட் நகர், கோவளம் என்று நம் தென்கரை நெடுகிலும் ஆமைகள் செத்து ஒதுங்கின. பத்தல்ல, நூறல்ல, சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள்! நம் மணலை நம்பி, முட்டையிட வந்த தாய்கள் அவற்றிலே எத்தனையோ! ஆமைக்கு நுரையீரல் உண்டு. நம்மைப் போல மேலே வந்து மூச்சு விட வேண்டும். இழுவை மடியிலே சிக்கினால் மேலே வர வழியில்லை. நீரிலே வாழும் உயிர் நீரிலேயே மூச்சு முட்டிச் சாகிறது. 1988ஆம் ஆண்டு முதல் இரவிரவாக அதே கரையிலே நடந்து ஆமை முட்டைகளைக் காத்து வரும் மாணவர் அமைப்பு ஒன்று இந்நகரிலே இருக்கிறது. அந்த இளைஞர்கள் இரவெல்லாம் நடந்து காப்பதை நாம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டிலே தொலைத்துவிடக் கூடாது அல்லவா!

இதற்கும் வழி இருக்கிறது. வலையின் நடுவே ஒரு கம்பிச் சட்டம், மேலே ஒரு திறப்பு. இறால் உள்ளே போகும், ஆமை வெளியே போகும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி அதை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. அதைப் பொருத்தவில்லை என்ற காரணத்தைக் காட்டித்தான் 2019ஆம் ஆண்டு அமெரிக்கா, இந்தியாவின் கடல் இறாலை வாங்க மறுத்தது. அமெரிக்காவின் ஆமைப் பாசத்துக்குள்ளே வேறு கணக்குகளும் இருக்கலாம். அது தனிக் கதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வாங்குபவன் "வேண்டாம்" என்று சொன்ன பிறகுதான் இங்கே பலருக்கு வலையைப் பற்றிய நினைவே வந்தது. அவன் சொன்னால் உறைக்கும், நாம் சொன்னால் உறைக்காதா?

கடல் வற்றாது என்று எண்ணாதீர்கள். வடஅமெரிக்காவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்றொரு தீவு. 1497ஆம் ஆண்டு ஜான் காபட் என்பவர் அங்கே போனபோது, கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினாலே காட் மீன் நிரம்பிற்றாம். ஐந்து நூற்றாண்டு வற்றாத கடல், இருபதாம் நூற்றாண்டின் பெரும் இழுவைக் கப்பல்கள் வந்த சில பத்தாண்டுகளில் வற்றிற்று. 1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் கனடா அரசு காட் மீன்பிடிப்புக்குத் தடை விதித்தது. ஒரே அறிவிப்பில் ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போயிற்று. அந்தத் தடை நீங்க 2024ஆம் ஆண்டு ஆயிற்று. அப்போதும் சிறு அளவுக்கே அனுமதி. முப்பத்திரண்டு ஆண்டுகள், தோழர்களே! அன்று தொட்டிலிலே கிடந்த பிள்ளை, தன் பிள்ளையைத் தொட்டிலிலே போடும் காலம்!

அழிவையே சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். அருகிலேயே ஆக்கமும் உண்டு. கொல்லத்து அட்டமுடிக் காயலில் மட்டி அள்ளும் எளிய மக்கள், 1990களில் மட்டி குறையக் கண்டதும் தங்களுக்குள் வரம்பு கட்டிக்கொண்டார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனம் பெருகும் காலம், அள்ளுவதில்லை; சிறு மட்டி தப்பிப் போகும் கண்ணியுள்ள வலையையே பயன்படுத்துவது. மட்டி மீண்டும் பெருகிற்று. 2014ஆம் ஆண்டு, கடலைக் கெடுக்காத மீன்பிடிப்பு என்ற உலகச் சான்றிதழ், இந்தியாவிலேயே முதன்முதலாக, அந்தக் காயலுக்குக் கிடைத்தது. காயலிலே இடுப்பளவு நீரில் நின்ற ஏழைகளால் முடிந்தது, கல்லாவிலே அமர்ந்திருக்கும் நம்மால் முடியாதா?

"அப்படியானால் கடல் இறாலே வேண்டாம், பண்ணை இறாலை விற்கிறேன்" என்பீர்கள். நல்லது, அங்கும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. நாகைப் பகுதியின் கடலோர வயல்களை இறால் குட்டைகள் விழுங்கியபோது, குடிநீர்க் கிணறு உப்பாயிற்று, கூலி வேலை மறைந்தது. சர்வோதயப் பெரியவர் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் உழவுக் கூலிகளோடு சேர்ந்து போராடினார்கள். அவர் தொடுத்த வழக்கிலே 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றுமாறு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2005ஆம் ஆண்டுச் சட்டம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை அமைத்து, பண்ணைகள் பதிவு பெற்றாக வேண்டும் என்றது. அந்த ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான். இன்று நாடெங்கும் வளர்க்கப்படும் வன்னாமி இறாலுக்காக வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் தனிமைப்படுத்திச் சோதிக்கப்படும் கூடமும் இதோ, நம் நீலாங்கரையில்தான்! அறிவும் ஆணையமும் நம் வாசலிலேயே இருக்கின்றன. "உங்கள் பண்ணையின் பதிவு எண் என்ன? என்ன மருந்து போட்டீர்கள்?" என்று கேட்க நமக்கு வாய்தான் இல்லை. கேளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2015ஆம் ஆண்டு உலகம் கண்டது. தாய்லாந்து வழியாக அமெரிக்க அங்காடிகளுக்குப் போன கடலுணவின் பின்னே, கூண்டிலே அடைக்கப்பட்ட அடிமைகள் இருந்ததைச் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். 2,000 பேருக்கு மேல் விடுதலை பெற்றார்கள். அந்த அங்காடிக்காரர்கள் அனைவரும் கொடியவர்களா? அல்லர். கேள்வி கேளாதவர்கள், அவ்வளவுதான்.

இப்போது பின்வரிசையிலே ஒரு தோழர் எழுந்து நிற்கிறார். அவர் கேள்வி என் காதிலே விழுகிறது. "இதெல்லாம் பணக்காரன் பேச்சு ஐயா! கிழக்குக் கடற்கரைச் சாலை மாளிகைக்காரர் சான்றிதழ் பார்த்து வாங்குவார். பீர்க்கன்காரணையில் வாடகை வீட்டிலே இருக்கும் தொழிலாளி என்ன செய்வான்? நல்லதெல்லாம் விலை ஏறினால், ஏழைக்கு மீனே கிடையாதா?"

நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை இல்லையென்றால் நான் இந்த மேடையில் நிற்கத் தகுதியற்றவன். விடை இருக்கிறது, மகிழ்ச்சியான விடை! கடலுக்கு எது நல்லதோ, அது பெரும்பாலும் ஏழையின் மீன்தான். மத்தியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் விரைந்து வளர்பவை, விரைந்து பெருகுபவை. மத்தி ஓராண்டுக்குள்ளேயே முட்டையிடத் தொடங்கிவிடும். நாட்டுப் படகுக்காரர் செவுள் வலையிலே பிடித்து, அன்றே கரை சேர்ப்பார். சத்திலோ வஞ்சிரத்துக்கு இளைத்தவை அல்ல. வஞ்சிரம் பருவமடைய அதைவிடக் காலம் ஆகும். சுறாவோ ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, சில குட்டிகளே ஈனும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுறாப் புட்டு என்பது நம் வழக்கம். ஒரு தாய்க்காக இன்னொரு தாயின் குட்டிகளைத் துடைத்தெடுக்கிறோம் என்பதை அன்னையர் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் பெருமைக்கு உண்பதைக் குறைத்து, பசிக்கு உண்பதைப் பெருக்கினால், கடலும் பிழைக்கும், ஏழையும் பிழைப்பான். மத்தியைத் தாழ்வென்றும் வஞ்சிரத்தை உயர்வென்றும் யார் வகுத்தது? மீனிலுமா மேல் கீழ்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் மீனவரை இலங்கைக் கடற்படை பிடிக்கும்போது நாம் கொதிக்கிறோம், கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் மீனவரும் தமிழர்தாம். போர் தின்றது போக எஞ்சிய சிறு படகோடு கடலுக்குப் போனால், நம் இழுவை மடி தங்கள் வலையை அறுத்துச் செல்கிறது என்று அழுகிறார்கள். இலங்கை 2017ஆம் ஆண்டு இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டில் இங்கேயும், பாக்கு நீரிணைப் பகுதியின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கிற்று. தமிழனின் வலையைத் தமிழனின் வலை அறுக்கும் கொடுமைக்கு முடிவு கட்ட, படகுக்காரனுக்குக் கடன் உதவி வேண்டும், காலம் வேண்டும். அதோடு, இழுவை மடி இறாலை வாங்கத் தயங்கும் கடைக்காரனும் வேண்டும்.

இனி, சேலையூர்த் தோழருக்கு நான் கொடுத்த விடையை உங்களுக்கும் சொல்லுகிறேன். ஐந்தே ஐந்து செய்திகள்.

முதலாவது, கொள்முதல் நோட்டிலே விலைக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: எந்தக் கரை, எந்தப் படகு, எந்த வலை. சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது, தராசுக்குப் பக்கத்திலே ஓர் அளவுகோல் வையுங்கள். கேரள அரசு 2015இல் தொடங்கி, 2017இல் 58 வகை மீன்களுக்குக் குறைந்த அளவை வகுத்தது. மத்தி 10 சென்டிமீட்டருக்கும் கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் பிடிக்கலாகாது என்றது. அந்தச் சட்டம் அந்த மாநிலத்துக்கு. அந்த அறிவு எல்லா மாநிலத்துக்கும். உங்கள் கடைக்கு அதையே சட்டமாக்குங்கள்.

மூன்றாவது, காலம் பாருங்கள். தடை நாட்கள் 61லும் நாட்டுப் படகு மீன், ஏரி மீன், அணை மீன், கருவாடு இவற்றை விற்பனைக்கு வையுங்கள். "இப்போது கடலுக்கு ஓய்வு" என்று ஒரு பலகை மாட்டுங்கள். அந்தப் பலகை நூறு சொற்பொழிவுக்குச் சமம்.

நான்காவது, மீனுக்குச் சம எடை பனிக்கட்டி, பணம் அன்றைக்கன்றே. 2018ஆம் ஆண்டு கேரள எல்லையில் பிணத்தைப் பதப்படுத்தும் பார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டதே, ஏன்? பனிக்கட்டிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கத்தான். நான் சொன்ன கொச்சி நிறுவனமே, மீனிலே தடவிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும் தாள் ஒன்றையும் உருவாக்கியிருக்கிறது. அதை வாங்கி வையுங்கள். வாடிக்கையாளர் கண்முன்னே சோதித்துக் காட்டுங்கள்.

ஐந்தாவது, இதுதான் எனக்கு உயிரானது. உங்கள் தெருவிலே கூடையோடு வரும் மீன்காரத் தாயின் வயிற்றில் அடிக்காதீர்கள். விடியுமுன்னே எழுந்து, ஏலத்திலே நின்று, கூடையைச் சுமந்து, வண்டி மாறி வண்டி ஏறி வருகிறவள் அவள். எந்தக் கண் தெளிந்த கண், எந்தச் செவுள் சிவந்த செவுள் என்று அவளுக்குத் தெரிந்ததில் பாதி நமக்குத் தெரியாது. உங்கள் குளிர்ப்பெட்டி அவளுக்குப் போட்டியாக நிற்பதா? கடையின் முன்பக்கம் அவளுக்கு இடம் கொடுங்கள், பனிக்கட்டி கொடுங்கள், அவள் வாங்கி வருவதை நீங்கள் விற்றுப் பங்கிடுங்கள். பெரிய அங்காடியிடம் இல்லாத செல்வம் அது: மீனை அறிந்த ஒரு மனுஷி!

"ஒற்றைக் கடைக்காரன் கோவளம் வரை வண்டி அனுப்ப முடியுமா?" என்பீர்கள். முடியாது. ஏழு கடைக்காரர் சேர்ந்தால் முடியும். 1904ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியில் சிலர் கூடித் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை ஒரு நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. அன்று அரிசிக்கும் பருப்புக்கும் சேர்ந்தார்கள். இன்று மீனுக்குச் சேரக்கூடாதா? சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஏழு கடை, ஒரு வண்டி, ஒரு பனிக்கட்டிப் பெட்டி, கரையிலே ஒரு மீனவர் சங்கம்.

இழப்பே வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் வஞ்சிரம் கேட்டு வந்தவர் வெறுங்கையோடு போவார். பக்கத்துக் கடைக்காரர் உங்களைப் பார்த்து நகைப்பார். சேலையூர்த் தோழரிடமும் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணே, எடையிலே ஏமாற்றினால் கூடுதல் லாபம் வரும் என்று என் தந்தைக்கும் தெரியும். நாற்பது ஆண்டு ஏமாற்றாமல்தான் கடை நடத்தினார். இதுவும் எடை மாதிரிதானே?" என்றார்.

இதுவும் எடை மாதிரிதான், தோழர்களே! தராசின் ஒரு தட்டிலே படிக்கல். மறு தட்டிலே மீன் மட்டுமா இருக்கிறது? அந்த மீனவனின் கடன் இருக்கிறது; யாழ்ப்பாணத்தானின் அறுந்த வலை இருக்கிறது; நம் பிள்ளைகளின் நாளைய உணவு இருக்கிறது. அவற்றைக் கண்டும் காணாமல் தராசின் முள்ளை மட்டும் பார்த்திருந்தது போதும். கடல் ஒருநாள் கணக்குக் கேட்கும். நியூஃபவுண்ட்லாந்திலே கேட்டது, நம் கோவளத்திலும் கேட்கும். அது கேட்கும் நாளில் நம் நோட்டைத் திறந்து காட்டும் துணிவு நமக்கு இருக்க வேண்டும்.

சேலையூர்க் கடையில் குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. அளவுகோலும் வந்துவிட்டது. ஏழு கடையில் ஒன்று ஆயத்தம். மீதி ஆறு பேர் இந்தக் கூட்டத்திலே இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். கூட்டம் முடிந்ததும் மேடையின் பின்புறம் வாருங்கள். பெயரை எழுதிக்கொள்ள நோட்டோடு அவர் காத்திருக்கிறார்.